வெடிக்கு ஓடும் நாய்கள்: மரக்காணம் உப்பளக் கரையின் பண்டிகைக் காலம்

வெடி பட்டு நாய்க்குத் தீக்காயம் ஏற்படுவது உண்டு. ஆனால் அதைவிடப் பெரிய ஆபத்து, வெடிக்குப் பயந்து அது ஓடும் ஓட்டம்தான். பயம் தலைக்கேறிய நாய் வீடு, தெரு, வளர்த்தவர் முகம் எதையும் பார்ப்பதில்லை. சத்தம் வரும் திசைக்கு எதிராக, கால் போன போக்கில் ஓடுகிறது. அந்த ஓட்டம் எங்கே போய் முடியும் என்பது ஊரின் அமைப்பைப் பொறுத்தது. விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணத்தில் அது நல்ல இடத்தில் முடிவது அரிது. ஒரு பக்கம் வங்கக் கடல். இன்னொரு பக்கம் கழுவெளி சதுப்பு நிலம். ஆந்திரத்தில் தொடங்கும் பக்கிங்காம் கால்வாய் வந்து முடிவதும் இங்கேதான். இவற்றுக்கிடையே கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளப் பாத்திகள். அந்தப் பாத்திகளின் ஊடாகவே சென்னை–புதுச்சேரி கிழக்குக் கடற்கரைச் சாலை போகிறது.

இந்த நிலத்தில் சத்தமும் வெகுதூரம் போகும். தடுக்க மரமோ மாடிக் கட்டடமோ இல்லாத வெட்டவெளி. தண்ணீர்ப் பரப்பில் ஒலி அடங்குவதில்லை. மனிதக் காது நொடிக்கு 20,000 அதிர்வு வரையிலான ஒலியைக் கேட்கும். நாயின் காது ஏறத்தாழ 45,000 வரை கேட்கும். வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் சத்தம் வரும் பட்டாசுகளுக்கு இந்தியாவில் அனுமதி இல்லை. தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும் என்ற கணக்கில், அந்த வரம்புக்குள் இருக்கும் வெடிகூட 64 மீட்டர் தள்ளிப் படுத்திருக்கும் நாய்க்கு 100 டெசிபல் அளவில் கேட்கிறது. மனிதருக்கு அது தீபாவளி என்று தெரியும், நேரம் தெரியும், திரி பற்றவைக்கும் கையும் தெரியும். நாய்க்கு இவற்றில் ஒன்றும் தெரியாது.

நாயின் பயம் பல சமயம் வீட்டாரின் கண்ணில் படுவதே இல்லை. பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. தங்கள் நாய்க்குச் சத்தம் என்றால் பயம் என்று சொன்னவர்கள் நான்கில் ஒருவர்தான். நடுங்குகிறதா, ஒளிகிறதா, குரைக்கிறதா என்று தனித்தனியே கேட்டபோது, ஏறக்குறைய பாதிப் பேர் ஏதாவது ஓர் அறிகுறிக்கு ஆம் என்றார்கள். வாலைக் கவட்டுக்குள் இடுக்குவதும் நடுங்குவதும் எல்லோருக்கும் தெரியும். வெயில் இல்லாதபோது மூச்சு இரைப்பது, எச்சில் ஒழுகுவது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, வாயை ஓயாமல் நக்குவது, பிடித்த சோற்றைத் தொடாமல் இருப்பது ஆகியவையும் பயத்தின் குறிகளே. ‘இன்றைக்குச் சாது’வாகக் கட்டிலடியில் கிடக்கிற நாய் பல நேரம் உறைந்துபோன நாய்.

நாய்க்கு வெடி பழகிவிடும் என்ற நம்பிக்கை ஊரெங்கும் உண்டு. பழகும் நாய்களும் உண்டு. ஆனால் ஒருமுறை நன்றாகப் பயந்துவிட்ட நாய்க்கு அடுத்தடுத்த ஆண்டுகளில் பயம் கூடிக்கொண்டே போகலாம். முதலில் வெடிக்கு, பிறகு இடிக்கு, பிறகு சைலன்சர் கழற்றிய பைக்குக்குக்கூட. இன்னொரு நம்பிக்கை, பயந்த நாயைத் தடவிக் கொடுத்தால் பயம் வளர்ந்துவிடும் என்பது. இதற்கு ஆதாரம் இல்லை. பயம் என்பது பரிசுக்காக நாய் செய்யும் வித்தையன்று. வளர்ப்பவர் பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்திருந்தால் அதற்கு ஆறுதல் கிடைக்கிறது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டெஃபானி ரீமர் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொரு வெடிக்கும் பிறகு உடனே தின்பண்டமோ விளையாட்டோ கொடுத்துவந்தவர்களில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் அதனால் பலன் இருந்ததாகச் சொன்னார்கள். காசு செலவில்லாத வைத்தியம் இது. வெடித்ததும் ஒரு துண்டு வேகவைத்த மீன், அடுத்த வெடிக்கு இன்னொரு துண்டு. முள் நீக்கிய மீனுக்குக் கடற்கரை ஊரில் பஞ்சமில்லை.

இன்னும் நன்றாகச் செய்ய விரும்புவோர் ஆடி மாதமே தொடங்க வேண்டும். கைபேசியில் பதிவுசெய்த வெடிச் சத்தத்தை நாய் காதை மட்டும் திருப்பும் அளவுக்கு மெல்ல ஒலிக்கவிட்டு, கூடவே உணவு கொடுத்து, வாரக்கணக்கில் சிறிது சிறிதாகச் சத்தத்தை ஏற்றுவது முறை. நாய் சோற்றிலிருந்து முகத்தைத் தூக்கினால் அன்றைக்கு அதோடு நிறுத்த வேண்டும். தீபாவளிக்கு முதல் நாள் அவசர அவசரமாக இதைச் செய்தால் பயத்தைக் கூட்டியதுதான் மிச்சமாகும்.

பண்டிகை நாளில் வீட்டு நாய்க்குத் தேவைப்படுவது ஒரு மூலை. கீற்றுக் கொட்டகையைவிட ஓட்டு வீடும், ஓட்டு வீட்டைவிடக் கான்கிரீட் அறையும் சத்தத்தை அதிகம் தடுக்கும். சன்னலைச் சாத்தி, கட்டிலடியில் வீட்டார் வாடை அடிக்கும் பழைய புடவையை விரித்து, மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் ஓடவிட்டால் போதும். காதில் பஞ்சு அடைக்கிறேன் என்று உள்ளே தள்ளக் கூடாது. தேவையானால் துணியைத் தலையைச் சுற்றித் தளர்வாகக் கட்டலாம். எல்லாவற்றையும்விட முக்கியமானது சங்கிலி. காவல் நாயை வாசலில் சங்கிலியில் கட்டிவைக்கும் வழக்கம் இப்பகுதியில் பரவலானது. வெடிக்குத் துள்ளும் நாய் அதே சங்கிலியில் கழுத்து இறுகிச் சாகலாம். மதில் ஏறிக் குதித்தால் அந்தரத்தில் தொங்கிவிடும். அன்றைக்கு மட்டுமாவது சங்கிலியைக் கழற்றி உள்ளே விட்டுக் கதவைச் சாத்த வேண்டும். கழுத்துப்பட்டையில் வீட்டாரின் கைபேசி எண்ணை அழியாத மையில் எழுதிவைத்தால், ஓடிப்போனாலும் திரும்பி வர ஒரு வழி இருக்கும்.

பட்டாசு தொடர்பாக 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவைத் தொடர்ந்து, தமிழ்நாட்டில் தீபாவளியன்று காலை 6 முதல் 7 வரையும் இரவு 7 முதல் 8 வரையும் மட்டுமே வெடிக்க அரசு நேரம் ஒதுக்கிவருகிறது. சரவெடிகளுக்கும் அந்த உத்தரவு தடை விதித்தது. நேரம் எல்லா இடத்திலும் கடைப்பிடிக்கப்படுவதில்லை என்றாலும், நாயை வெளியே அழைத்துப்போக நண்பகலைத் தேர்ந்தெடுப்பதற்கு அது உதவும். அப்போதும் கயிற்றை விடக் கூடாது.

கால்நடை மருத்துவரிடம் மருந்து கேட்பதில் தவறில்லை. கடும் பயம் உள்ள நாய்களுக்கு அதைத் தணிக்கும் மாத்திரைகள் உண்டு. எடை பார்த்து, முன்கூட்டியே ஒருமுறை கொடுத்துப் பார்த்து அளவை முடிவு செய்வார்கள். மனிதருக்கான தூக்க மாத்திரையோ பாராசிட்டமாலோ கொடுப்பது ஆபத்து. அசிப்ரோமசின் என்ற பழைய மருந்தைத் தனியாகக் கொடுத்தால் நாயின் உடல் தளர்ந்துவிடும். பயம் உள்ளே அப்படியே இருக்கும். அசைய முடியாமல் பயப்படுவது இன்னும் கொடுமை.

இக்கரையில் ஆபத்து பண்டிகைக்குப் பண்டிகை மாறுகிறது. தீபாவளி வரும் ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியிருக்கும். உப்பு வாரும் வேலை நின்று, பாத்திகளில் மழைநீர் தேங்கி, வரப்புகள் சேறாகிக் கிடக்கும். இரவில் பாத்திக்குள் ஓடிவந்த நாய் சேற்றில் கால் புதைந்து மாட்டிக்கொள்ளும். கால்வாயில் விழுந்தால் வழுக்கும் கரையில் ஏற முடியாமல் களைத்துப்போகும். கார்த்திகை தீபத்துக்குப் பனம்பூவைக் கரியாக்கி மாவலி சுற்றுவது வட மாவட்ட வழக்கம். பொறி தெறிக்கும் எல்லைக்குள் நாய் வராமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தால் போதும். டிசம்பர் 31 இரவு வேறு வகை. புத்தாண்டைக் கொண்டாடப் புதுச்சேரி நோக்கிப் போகும் வண்டிகளால் கிழக்குக் கடற்கரைச் சாலை விடிய விடிய ஓயாது. நள்ளிரவு வெடிக்கு மிரண்டு சாலையைக் கடக்கும் நாய்க்கும் ஆபத்து, அதைத் தவிர்க்கத் திருப்பும் பைக்கில் இருப்பவருக்கும் ஆபத்து. போகி விடியலில் டயர் புகையும் கொட்டுச் சத்தமும் சேர்ந்துவரும். காணும் பொங்கலுக்கு நகரத்து நாய்கள் காரில் கடற்கரைக்கு வருகின்றன. சன்னல் ஏற்றிய காருக்குள் வெப்பம் 10 நிமிடத்தில் சுமார் 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்துவிடும். கரையில் வலையிலிருந்து உதறிப்போட்ட பேத்தை மீனில் உள்ள நஞ்சு நாயைக் கொல்ல வல்லது. கடலைப் பார்த்தே அறியாத நாய் இவற்றுக்கெல்லாம் புதிது; அதைக் கயிற்றிலேயே வைத்திருப்பது நல்லது.

பொங்கல் கழிந்து உப்புப் பருவம் தொடங்கிவிட்டால் நிலைமை முற்றிலும் மாறும். மாசி மகத்துக்குச் சாமிகள் தீர்த்தவாரிக்குக் கடற்கரைக்கு வரும். சித்திரையிலிருந்து ஆடி வரை அம்மன் கோயில்களில் கூழ் வார்ப்பதும் தீமிதியும் நடக்கும். பறையும் மேளமும் வாணவெடியும் சேராத விழா இல்லை. இந்த மாதங்கள்தான் பாத்திகளில் உப்பு முற்றும் மாதங்கள்.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அது வெயிலில் வற்றி வற்றி, உப்பு படியும் பாத்திக்கு வரும்போது லிட்டருக்கு 250 கிராமைத் தாண்டிவிடும். நாயின் உடல் எடையில் கிலோவுக்கு 2 முதல் 3 கிராம் உப்பு உள்ளே போனாலே நஞ்சின் அறிகுறிகள் தோன்றும். 4 கிராம் அளவில் உயிருக்கே ஆபத்து. நாட்டு நாய் ஒன்றின் எடை 15 கிலோ என்றால், ஒரு லிட்டர் கடல்நீர் அதை நோயில் தள்ளப் போதும். பாத்தி நீராக இருந்தால் ஒரு டம்ளர் போதும். சாதாரணமாக எந்த நாயும் அதை முகர்ந்து பார்த்து விலகிவிடும். ஆனால் இரவு முழுக்க ஓடி, மூச்சு இரைத்து, வெயில் ஏறும்போது உப்பளத்தின் நடுவே நல்ல தண்ணீர் இல்லாமல் நிற்கும் நாய், கிடைத்த நீரில் வாய் வைக்கும்.

குடித்த நாய் முதலில் வாந்தி எடுக்கும், தாகத்தில் தவிக்கும். பிறகு குடித்தவர்போலத் தள்ளாடும், உடல் வெட்டி வெட்டி இழுக்கும், வலிப்பு வரும். இரத்தத்தில் ஏறிய உப்பு மூளைச் செல்களிலிருந்து நீரை உறிஞ்சிவிடுவதே காரணம். இங்கே நல்ல மனதோடு செய்யும் ஒரு தவறு உண்டு. நாய் தவிக்கிறதே என்று ஒரு வாளித் தண்ணீரை ஒரேயடியாக வைப்பது. மணிக்கணக்கில் உப்புக்குப் பழகிவிட்ட மூளைக்குள் நீர் திடீரென்று பாய்ந்தால் மூளை வீங்கிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டு நல்ல தண்ணீர் கொடுத்துக்கொண்டே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். எவ்வளவு வேகமாக உப்பைக் குறைப்பது என்பதை அவர் முடிவு செய்வார். இன்னொரு தவறு, நாய் ஏதோ விஷத்தைத் தின்றுவிட்டது என்று உப்பைக் கரைத்துப் புகட்டி வாந்தி எடுக்க வைப்பது. எந்த நாய்க்கும் அது கூடாது. உப்பளத்து நாய்க்குக் கூடவே கூடாது. உப்புக்குள் ஓடிய நாயின் பாதங்களும் வெடித்துப் புண்ணாகியிருக்கும். நல்ல தண்ணீரில் விரலிடுக்கு வரை கழுவித் துடைத்தால்தான் அது தன் காலை நக்கி நக்கி மேலும் உப்பை உள்ளே இழுக்காமல் இருக்கும்.

ஆகவே திருவிழா நாட்களில் வரப்போரங்களில் நல்ல தண்ணீர்ச் சட்டிகள் வைப்பது இக்கரையில் செய்யக்கூடிய மிக எளிய உயிர்க்காப்பு. கவிழாத மண்சட்டி, பாதி மண்ணில் புதைத்து, நிழல் கிடைக்கும் இடமாகப் பார்த்து. உப்பு அம்பாரங்களின் ஓரம் அதற்கு ஏற்றது, உப்பு விழாமல் சற்றுத் தள்ளி.

அடுத்தது சாப்பாடு. தீபாவளிக் கறிக்குழம்பில் வெந்த எலும்பு நாயின் குடலில் ஊசியாகக் குத்தும். வெங்காயமும் பூண்டும் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். கூழுக்குத் தொட்டுக்கொள்ளும் சின்ன வெங்காயமும் அதில் சேர்த்தி. சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் நாயின் இதயத்தைத் தாறுமாறாக ஓடவிடும். சர்க்கரை சேர்க்காத இனிப்புகளில் வரும் சைலிடால் அதன் இரத்தச் சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடும். பாயசத்திலும் லட்டிலும் கிடக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது நெடுநாளாகத் தெரிந்ததுதான். ஏன் என்பது தெரியாமல் இருந்தது. திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்று அமெரிக்கக் கால்நடை நச்சியல் வல்லுநர்கள் அண்மைக் காலத்தில் முன்வைத்தார்கள். அவர்களுக்கு அந்தத் தடயத்தைக் கொடுத்தவற்றில் ஒன்று நம் புளி: புளியைத் தின்ற நாய்களுக்கும் அதே சிறுநீரகக் கோளாறு வந்திருந்தது. புளியில் டார்டாரிக் அமிலம் மிகுதி. எனவே மிஞ்சிய புளியோதரையையும் மீன்குழம்புச் சோற்றையும் நாய்க்குக் கொட்டுவதைத் தமிழ் வீடுகள் மறுபடி யோசித்துப் பார்க்க வேண்டும். கருவாடு காயும் களத்தைத் திருவிழாக் கூட்டத்தில் யாரும் காவல் காப்பதில்லை. அங்கும் உப்புதான் பகை.

வீட்டு நாய்க்குக் கதவு உண்டு. குப்பத்து நாய்க்கு அது இல்லை. கரையேற்றிய படகின் அடியில் தூங்கி, மீன் தலையில் பசியாறி, ஊர் முழுவதையும் தன் வீடாகக் கொண்ட நாய் அது. ஐப்பசி முதலே இந்திய நாட்டு நாய்கள் குட்டி போடும் காலம். தீபாவளி வெடி அப்போதுதான் வெடிக்கிறது. இந்தக் கரைக்கும் தாய்நாய்க்கும் சங்கப் பாட்டு ஒன்றிலேயே இடம் உண்டு. மரக்காணம் பகுதியோடு அறிஞர்கள் பொருத்திப் பார்க்கும் எயிற்பட்டினம் சிறுபாணாற்றுப்படையில் வருகிறது. அதைப் பாடிய நத்தத்தனார் ஊர் இருந்த இடைக்கழிநாடு மரக்காணத்துக்குச் சற்று வடக்கே இருக்கிறது. அதே பாட்டில் வறிய வீட்டின் அடுக்களையில், கண் திறக்காத குட்டிகளுக்குப் பால் கொடுக்க முடியாத தாய்நாய் ஒன்றும் வருகிறது. இன்றைய தாய்நாய் வெடிக்குப் பயந்து ஓடிவிட்டால் குட்டிகள் மழையில் குளிர்ந்து விறைத்துவிடும். பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பே குட்டிகள் இருக்கும் படகையும் திண்ணையையும் பார்த்து வைத்து, அந்தப் பக்கம் வெடிப்பதில்லை என்று தெருப் பிள்ளைகளிடம் பேசி முடித்துவிட வேண்டும். பிள்ளைகள் கேட்டுக்கொள்வார்கள்; குட்டிகளுக்கு முதலில் பெயர் வைப்பதே அவர்கள்தானே.

ஊரே ஒப்புக்கொண்டு வெடிக்காமல் இருப்பதும் தமிழ்நாட்டில் புதிதல்ல. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகளுக்காகப் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடிப்பதில்லை. கழுவெளியும் 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டுவிட்டது. வலசைப் பறவைகள் வந்திறங்குவதும் தீபாவளியை ஒட்டித்தான். சரணாலய ஓரத்தில் அமைதி காத்தால் பறவைக்கும் நாய்க்கும் ஒருங்கே பயன். நேபாளத்தில் திகார் பண்டிகையின் இரண்டாம் நாள் நாய்களுக்கே உரியது: நெற்றியில் திலகமிட்டு, சாமந்தி மாலை போட்டு, விருந்து வைக்கிறார்கள். பைரவருக்கு நாயை வாகனமாக்கி, தேய்பிறை அஷ்டமிக்கு விளக்கேற்றும் தமிழர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

நாய் வாலில் சரம் கட்டி வெடிப்பதை விளையாட்டு என்று சட்டம் பார்ப்பதில்லை. 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ம் பிரிவு அதைக் குற்றம் என்கிறது; விலங்கைக் கொன்றாலோ முடமாக்கினாலோ பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. திருவிழாவுக்கு முன்பு தெரு நாய்களைப் பிடித்து வேறு ஊரில் விட்டுவருவதும் சரியான வழியல்ல. கருத்தடை செய்து தடுப்பூசி போட்ட நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பதே 2023-ம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின் அடிப்படை. வேற்றூரில் விட்ட நாய் பழைய தெருவைத் தேடிப் புறப்படும்போது நெடுஞ்சாலைதான் அதன் வழியாகிறது. திருவிழாவுக்கு முன்பு செய்ய வேண்டியது வெறிநாய்த் தடுப்பூசி. பயந்த நாய் தன்னைத் தூக்க வருபவரையும் கடிக்கும். கடி பட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையம் போய்விட வேண்டும். பண்டிகை நாள் என்று தள்ளிப்போட இடமில்லை.

ஓடிப்போன நாயைக் கூட்டமாகத் துரத்தினால் இன்னும் தூரம் ஓடும். வெடி ஓய்ந்த பிறகு, அதற்கு நன்கு பழகிய ஒருவர் மட்டும் போய், தாழ உட்கார்ந்து, வழக்கமான குரலில் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். அது கடைசியாக நின்ற இடத்தில் வீட்டாரின் துணியையும் தண்ணீரையும் வைத்துவிட்டு வந்தால், இரவில் அங்கே திரும்பிவர வாய்ப்பு உண்டு. உப்புப் பருவத்தில் அளத்துத் தொழிலாளர்கள் வெயிலுக்கு முந்தி, இருட்டோடு இருட்டாகவே பாத்தியில் இறங்கிவிடுகிறார்கள். ஊர் விழிக்கும் முன் வரப்புகளைப் பார்ப்பவர்கள் அவர்கள். நாயின் அடையாளத்தையும் கைபேசி எண்ணையும் முதலில் அவர்களிடம்தான் சொல்லிவைக்க வேண்டும். அடிபட்டிருந்தால் கால்நடை அவசர ஊர்திக்கான இலவச எண் 1962. பெரிய சிகிச்சைக்குப் புதுச்சேரி குரும்பாப்பேட்டையில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தீக்காயத்தில் மஞ்சளோ பற்பசையோ எண்ணெயோ தடவாமல், குளிர்ந்த நல்ல தண்ணீரை 10 நிமிடத்துக்குக் குறையாமல் ஊற்றி, சுத்தமான ஈரத்துணியால் மூடி அனுப்புவது போதும்.

மறுநாள் காலை முதல் வேலை தெருவைக் கூட்டுவது. வெடிக்காமல் கிடக்கும் பட்டாசை நாய் கடித்தால் வாய் புண்ணாவதோடு, கந்தகமும் பேரியம் உப்பும் வயிற்றுக்குள் போகும். பேரியம் தசைகளைச் செயலிழக்க வைக்கும். கூட்டிய குப்பையை எரிக்காமல் தண்ணீரில் நனைத்து அகற்ற வேண்டும். பயந்து ஒளிந்த நாய் வெளியே வர ஓரிரண்டு நாள் ஆகலாம். அதை இழுத்து வெளியே போடாமல், ஒளிந்த இடத்துக்கே தண்ணீரும் சோறும் கொண்டுபோய் வைத்தால் போதும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்கவில்லை, சிறுநீர் கழிக்கவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்.